முதல் பரிசு ஹாட்பாக்ஸ்

மனைவி தன்னை வெட்டச் சொல்கிறாள் என்பதில் சென்னியப்பனுக்குச் சந்தேகம் இல்லை. அதை அவரே காதால் கேட்டார். ஏன் சொல்கிறாள் என்பதில்தான் சந்தேகம்.

"வெட்டிக்கிறதே நல்லதுங்க" என்றாள் துளசிமணி, முடியைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரி.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், குண்டானவர்களுக்கென்றே கட்டிய ஆஸ்பத்திரி அது. நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது. சென்னியப்பன் உட்கார்ந்த பிறகும் இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. இருபது வருடத்தில் அவரைக் கேவலப்படுத்தாமல் விட்ட முதல் நாற்காலி அதுதான். அதனாலேயே அந்த இடத்தின்மேல் அவருக்கு முதல் சந்தேகம் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் கவுன்சலர் இவாஞ்சலின். முப்பது வயதிருக்கும், கொடி மாதிரி உடம்பு. மேசைமேல் ரப்பரில் செய்த மூன்று வயிறுகளும் இலைப் படம் போட்ட ஒரு சின்னப் பெட்டியும் இருந்தன.

"திரும்ப ஒருதடவை சொல்றேன் சார்" என்றாள் அவள். "முதல்ல பலூன். வெட்டு இல்லை, தையல் இல்லை. வாய் வழியா உள்ள விட்டு, வயித்துக்குள்ள ஊதிடுவோம். முதல் வாரம் குமட்டல், வாந்தி இருக்கும். ஆறு மாசத்துல எடுத்துடணும். எடுத்தப்புறம் நிறையப் பேருக்குப் பழைய எடை திரும்பிடுது."

"வாடகை வீடு மாதிரி."

"ரெண்டாவது, ஸ்லீவ். வயித்துல முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழம் சைசுக்கு மிச்சம் வைப்போம். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. தச்ச இடத்துல கசிவு வரலாம். நூத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வருது. நெஞ்செரிச்சல் இன்னும் பலபேருக்கு."

"அடுத்தது பைபாஸா?"

"ஆமா சார். மேல முட்டை அளவுக்கு ஒரு பை மட்டும் வெச்சுட்டு, அதை நேரா சிறுகுடல்ல இணைச்சுடுவோம். உங்களை மாதிரி சுகர் இருக்கிறவங்களுக்கு நல்லா வேலை செய்யும். ஆனா ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை. இனிப்பு சாப்பிட்டா படபடன்னு அடிச்சு வேர்த்து ஊத்தும். இணைச்ச இடத்துல புண்ணு வரலாம். பின்னாடி என்னைக்காவது குடல் மடங்கிச் சிக்கவும் சிக்கலாம். ஸ்லீவோ பைபாஸோ, மயக்க மருந்து இருக்கு, கால் நரம்புல ரத்தக்கட்டு பயம் இருக்கு. தூக்கத்துல மூச்சு நிக்கிறவருக்குக் கொஞ்சம் கூடவே."

"இந்தப் பெட்டி?"

இவாஞ்சலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதுதான் சார் புதுசு. அரிசி சைசுக்கு ஒரு பொருள். வயித்துக்குப் போற நரம்புல ஒட்டிடுவோம். கொஞ்சத்துலயே வயிறு நிறையற ஒருத்தரோட உணர்வை அப்படியே பதிவு பண்ணி வெச்சிருக்கோம். அது உங்களுக்குள்ள ஓடும். கொஞ்சம் சாப்பிட்டதும் கை தானா நின்னுடும்."

"ரிஸ்க்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் பதிவாகலை சார்."

அப்போதுதான் துளசிமணி வெட்டிக்கொள்ளச் சொன்னாள். பெட்டியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை என்பதையும் சென்னியப்பன் கவனித்தார்.

கவனிப்பது அவர் தொழில். சென்னிமலை ரோட்டில் எடைமேடை வைத்திருக்கிறார். லாரி காலியாக ஒருதடவை ஏறும், சரக்கோடு ஒருதடவை ஏறும். இந்த இரண்டு எடைகளுக்கு நடுவில் மனிதர்கள் செய்கிற அத்தனை தில்லுமுல்லும் அவருக்குத் தெரியும். காலி எடை போடும்போது தண்ணீர் ட்ரம்மை நிரப்பி வைத்துவிட்டு, சரக்கேற்றிய பிறகு கொட்டிவிடுவார்கள். கிளீனரைத் தார்ப்பாய்க்குள் படுக்க வைப்பார்கள். ஒருவர் ஆட்டையே படுக்க வைத்திருந்தார், அது கத்தி மாட்டிக்கொண்டது. ரிஸ்க் இல்லாத வண்டி என்று ஒன்று அவர் மேடைக்கு இதுவரை வந்ததில்லை.

தன்னையும் அவர் அதில்தான் எடை போட்டுக்கொள்வார். அறுபது டன் மேடை, பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். ஒண்டியாக ஏறினால் நூற்று நாற்பது. 'எங்க ஊர்லயே வேபிரிட்ஜ்ல எடை பார்க்கிற தகுதி எனக்கு மட்டும்தானுங்க' என்று டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

சிரிப்பெல்லாம் போன மாதத்தோடு சரி. தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரை வேறு. இப்படியே விட்டால் இரண்டு வருடத்துக்குக்கூட உத்தரவாதம் தரமாட்டாராம். அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை மதியத்துக்குள் ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"அதுவரைக்கும் நாலாவதை மேலாப்புல கட்டிப் பாருங்க சார்" என்று இவாஞ்சலின் ஒரு பெல்ட்டைக் கொடுத்தாள். "உள்ள வைக்கிறதுக்குப் பதிலா வெளிய. சரிப்பட்டா வெச்சுக்கலாம்."

"எதுக்குங்க அதெல்லாம்" என்றாள் துளசிமணி.

இது இரண்டாவது சந்தேகம்.

பெல்ட் கட்டிய முதல் நாள் ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம். தட்டில் வழக்கமான கோபுரம். எட்டாவது வாய்க்கு சென்னியப்பனின் கை நின்றது. அவரே தன் கையை, யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

"என்னங்க, உப்பு சேரலையா?"

"உப்பெல்லாம் சேந்துருக்குது. போதும்போல இருக்குது."

இருபத்தாறு வருடத்தில் அந்தச் சாப்பாட்டு மேசையில் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. துளசிமணி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மூன்றாவது சந்தேகத்தை அவர் குறித்துக்கொண்டார்.

ஆனால் அவரை அதிகம் உறுத்தியது வேறொன்று. வயிறு நிறையவில்லை. அது பாட்டுக்குக் காலியாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. நின்றது கை மட்டும்தான். நிற்பதற்கு முன் காது தீட்டிக்கொண்டது. கண் தட்டை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தது. இன்னும் எத்தனை கரண்டி இருக்கிறது என்று ஒரு கணக்கு. கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசினால் போதும், அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது.

மூன்றாம் நாள் இன்னும் மோசம். மேசையில் தனியாக இருந்தவர், குழம்புச் சட்டியில் கொஞ்சம் மோரை ஊற்றி, சுற்றி அலசி, அந்தத் தண்ணீரைக் குடித்தார். குடித்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. அவர் வீட்டில் அப்படி யார் செய்வார்? யாரும் செய்து அவர் பார்த்ததில்லை. பார்க்கிற நேரத்தில் அவர் கை கழுவிவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

இவாஞ்சலினுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இது வயித்தைத்தானே பதிவு பண்ணுனது? எனக்குக் காதெல்லாம் என்னமோ பண்ணுது."

"வயிறு தனியா முடிவு பண்றதில்லை சார். கண்ணு, காது, மூக்கு எல்லாம் சேர்ந்துதான் ஓட்டுப் போடும். அதனால எல்லாத்தையும் சேர்த்துத்தான் எடுத்தோம். பெல்ட்டுலயும் சரி, உள்ள வைக்கிறதுலயும் சரி, மைக் இருக்கு. அவங்க உடம்பு எந்தச் சத்தத்துக்கு எப்படி ஆச்சோ, உங்க உடம்பும் அப்படி ஆகும்."

"யாருங்க அந்த அவங்க?"

"அதைச் சொல்லக்கூடாது சார். ஆனா நாப்பது நாள், நூத்துப் பன்னெண்டு பேரைப் பார்த்ததுல சீக்கிரமா நிறுத்தினவங்க அவங்கதான். எங்ககிட்ட இருக்கிறதுலயே பெஸ்ட். இதுவரைக்கும் நானூறு பேருக்கு அதைத்தான் வெச்சிருக்கோம். எல்லாருக்கும் எடை இறங்கியிருக்கு."

"எறங்கும், எறங்கும்" என்றார் சென்னியப்பன். "பட்டினி கெடந்தா எறங்காதா?"

அன்று சாயங்காலம் சந்தகை வைத்திருந்த ஹாட்பாக்ஸைத் திறக்கப்போனவர் அப்படியே நின்றார். மூடியின் நடுவில் ஒரு சின்ன இலை. பெட்டியில் இருந்த அதே இலை, பெல்ட்டில் இருக்கிற அதே இலை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குகிற மூன்று ஹாட்பாக்ஸ் செட் அது. இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது. துளசிமணி வேலை பார்க்கிற பெட்ஷீட் கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில், ஆயுதபூஜைக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தாள்.

சந்தேகங்களை வரிசையாக நிறுத்தினார். பொண்டாட்டி இந்தக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறாளா? பிடிக்கிறவள் வேண்டாம் என்பாளா? போட்டிக் கம்பெனியா? புருசன் வயிற்றை வெட்டினால் அவளுக்கு என்ன லாபம்? ஒரு வேளை சமையல் மிச்சம். அவரே சிரித்துக்கொண்டார். சிரித்தாலும் உறுத்தல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்தது, அதுவும் பாதிச் சோற்றில்.

அவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துளசிமணி கடைக்குப் போயிருந்தாள். கோழிக்குழம்பு ஆக்கி வைத்திருந்தாள். சென்னியப்பன் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாவது வாய் எடுக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்த வண்டிக்கு ஓர் அடையாளம் உண்டு. பிரேக் பிடித்தால் கீச்சென்று, வாலை மிதித்த பூனை மாதிரி கத்தும். மூன்று வருடமாக நாளைக்குச் சரிபண்ணுகிறேன் என்றுகொண்டிருக்கிறார்.

கீச்.

நெஞ்சு திக்கென்றது. ஐயோ வந்தாச்சு. கூட எத்தனை பேரோ. கை தானாகத் தட்டிலிருந்த இரண்டு துண்டுக் கறியை எடுத்துச் சட்டியில் திரும்பப் போட்டது. சோற்றை ஓரமாக ஒதுக்கியது. நாலு பேருக்கு வருமா என்று கண் அளந்தது.

துளசிமணி பையோடு உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பையைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறைக்குப் போனாள்.

எடைமேடைக்காரர் ஒரே எடையை நம்பமாட்டார். சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, தட்டைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்து, ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டே ஸ்கூட்டரை உருட்டிப் பிரேக் பிடித்தார். கீச். கை நின்றது. தெருவில் இரண்டு வண்டிகள் போயின, பிரேக் போட்டன. கை நிற்கவில்லை. மறுபடி உருட்டினார். கீச். நின்றது. மூன்றாவது தடவை உருட்டும்போது எதிர்வீட்டு ருக்மணி எட்டிப் பார்த்தாள்.

"என்னுங் மாமா, வண்டிக்குச் சோறூட்டறீங்களா?"

"அதுக்கும் வயிறு இருக்குதல்ல கண்ணு."

சொல்லிவிட்டு அங்கேயே திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

லாரியெல்லாம் பேட்டரிக்கு மாறிய பிறகு எடைமேடை வாசலிலேயே சார்ஜ் போடுகிறார்கள். சார்ஜ் ஏற முக்கால் மணி நேரம் ஆகும். பசியோடு நிற்கிற டிரைவர்களைப் பார்த்தால் சென்னியப்பனுக்குப் பொறுக்காது. 'வாங்க, நம்மூட்ல ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்' என்று இரண்டு பேரை, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, அந்த ஸ்கூட்டரில் முன்னால் வருவார். போன் பண்ணிச் சொன்னதில்லை. சொல்வானேன், அவர் வீட்டில் சோறு இல்லாமல் போனதே கிடையாது. நாமக்கல் வரைக்கும் அவருக்கு நல்ல பேர். அந்தச் சோறு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் எடைபோட்டுப் பார்த்ததில்லை.

ஹாட்பாக்ஸை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். துளசிமணி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, அதைப் பார்த்து நின்றாள்.

"ஆயுதபூஜைக்குக் குடுத்ததா இது?"

துளசிமணி ஈரத் துண்டை நாற்காலிமேல் போட்டாள்.

"நீதானே அது?"

"கம்பெனிக்குக் கேம்ப்பு மாதிரி வந்தாங்கொ" என்றாள் கடைசியில். "எல்லாருத்துக்கும் பெல்ட்டு கட்டிவிட்டாங்கொ. நாப்பது நாளு, வீட்லயும் கட்டிட்டுத்தான் இருந்தேன், சேலைக்குள்ள. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வேற. எல்லாருத்துக்கும் சின்ன டப்பா ஒண்ணு குடுத்தாங்கொ. எனக்குத்தான் மூணு. மொதப் பரிசுன்னாங்க."

"மொதப் பரிசு."

"கைதட்டுனாங்கொ." அவள் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது. அதுதான் அவரை என்னமோ செய்தது.

"அதான் வெட்டிக்கச் சொன்னயா?"

"பின்னென்னங்க? ஊருக்கே சோறு போடற மனுசன்னு பேரு உங்களுக்கு. என்ற வயிறு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சோறு எறங்குமா? வெட்டுனா ஒரு வாரத்துல ஆறிப்போயிரும்னு நெனச்சேன்."

"என்னைப் பாத்து பயந்துருக்கற புள்ள நீ. வண்டிச் சத்தம் கேட்டாலே."

"உங்களைப் பாத்து இல்லீங்க." அவள் யோசித்தாள். "பத்தாமப் போயிருமோன்னுதான்."

"நான் ஒருநாளும் கேக்கலையே."

"கேட்டீங்க. சாப்புட்டயான்னு தெனமும் கேட்டீங்க."

"நீ?"

"ஆச்சுன்னு சொன்னேன்."

ஊரில் ஒரு லாரிக்காரன் சொல்வதையும் நம்பாத மனிதர், தினமும் ஒரு பொய்ச் சீட்டை எடைபோடாமலே வாங்கிப் பையில் போட்டிருக்கிறார். சென்னியப்பனுக்குத் தன்மேல் ஒரு ஜோக் அடிக்கலாம் என்று தோன்றியது. ஒன்றும் வரவில்லை. எழுந்து, கோழிக்குழம்பைச் சூடு பண்ணி அவளுக்குத் தட்டுப் போட்டார். ஆறாவது வாயில் அவள் கை நின்றது. அவருக்கும் பெல்ட்டுக்குள் அந்தப் பிடி பிடித்தது.

"போதுமுங்க."

"எனக்குத் தெரியும், அது வயிறு சொல்லலை" என்றார். "இன்னைக்கு யாரும் வரலை. இன்னொரு கரண்டி வெச்சுக்க."

வியாழக்கிழமை மதியம் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் ஒரு மெக்கானிக் கடையைப் பார்த்து அவர் வேகத்தைக் குறைத்தார்.

"இப்ப வேணாமுங்க" என்றாள் பின்னாலிருந்து. "அந்த ஆஸ்பத்திரிப் புள்ளைக்குச் சத்தத்தைக் காட்டோணுமல்ல."

"பைபாஸே பண்ணிக்கறேன்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. "சுகருக்கு அதுதான் நல்லதுன்னுச்சு. மாத்திரை சாப்புட்டுக்கறேன். புண்ணு வந்தாலும் என்ற புண்ணா இருக்கட்டும்."

"இனிப்பு சாப்பிட்டா படபடங்குமாமா?"

"எதைச் சாப்பிட்டா படபடங்கும்னு இப்பத்தான் தெரிஞ்சுதே."

அவள் அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். முதுகு பெரியது, அதிகம் வலிக்கவில்லை.

இவாஞ்சலின் போர்ட்டிகோவுக்கே இறங்கி வந்திருந்தாள். போனிலேயே அவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். காலி எடை போடும்போதே வண்டியில் சரக்கு இருந்திருக்கிறது அம்மிணி, நீங்கள் போட்ட எடை தப்பு என்று. அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கையில் பாதி கடித்த சமோசா.

"ஒரு பதிவு நானூறு பேர்கிட்ட நல்லா வேலை செய்யுது சார். ஒரு பிரேக் சத்தத்தை வெச்சு அதைத் தப்புன்னு எப்படி..."

"நீங்க நில்லுங்க அம்மிணி. நான் ஒரு ரவுண்டு வந்துட்டு வர்றேன்."

துளசிமணியை இறக்கிவிட்டுவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி, போர்ட்டிகோவில் வந்து பிரேக் பிடித்தார்.

கீச்.

இவாஞ்சலினின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவள் சமோசாவைக் கைக்குட்டையில் சுற்றினாள், யாருக்கோ எடுத்து வைப்பதுபோல. சுற்றிய பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடி மாதிரி உடம்பு எப்படி வந்தது என்று சென்னியப்பன் அதுவரை சந்தேகப்படவில்லை.

"எனக்கு வெச்சு ஏழு மாசமாச்சு சார்" என்றாள் மெதுவாக. "நான்தான் முதல் பேட்ச்."

அவள் பார்வை அவரைத் தாண்டிப் போனது. அவரும் திரும்பினார்.

போர்ட்டிகோவை ஒட்டி கேன்டீன், நடுவில் கண்ணாடிச் சுவர்கூடக் கிடையாது. வியாழக்கிழமை, நாலாவதை வைத்துக்கொண்ட பழைய நோயாளிகள் செக்கப்புக்கு வருகிற நாள். ஏழெட்டு மேசை. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், கல்லூரிப் பெண் ஒருத்தி, சீருடையில் ஒரு போலீஸ்காரர், இன்னும் பலர். யாரும் சாப்பிடவில்லை. எல்லார் கையும் நின்றிருந்தது. போலீஸ்காரர் தன் தட்டிலிருந்த வடையை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லார் கண்ணும் வாசலில். எத்தனை பேர் வருகிறார்களோ என்று.

சென்னியப்பனால் ஸ்கூட்டரை விட்டு இறங்க முடியவில்லை. அவர் நெஞ்சும் திக்கென்றுதான் இருந்தது.

துளசிமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேன்டீனுக்குள் போனாள். நடுவில் நின்றாள். பாத்திரத்துக்குப் போன வடையை எடுத்துப் போலீஸ்காரர் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"சாப்புடுங்க கண்ணு, எல்லாரும் சாப்புடுங்க" என்றாள். "கூட ஆரும் வரலை. அவரும் சாப்புட்டுட்டுத்தான் வந்துருக்காரு."